நார்மண்டிக் கடற்கரை அரணை 1/72 அளவில் செய்வது எப்படி

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் வந்திறங்கிய பிரான்ஸின் நார்மண்டிக் கரையை டயோரமாவாக (சிறிய அளவில் அமைத்த காட்சி மாதிரியாக) செய்ய உட்காருகிறவர்களில் பலர் பீரங்கியின் வாயைக் கடலுக்கு நேராகத் திருப்பிவிடுகிறார்கள். ஆனால் மணலை ஒட்டிக் கட்டிய ஜெர்மன் பங்கர்களில் (கான்கிரீட் அரண்களில்) பல, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றவை. கடல் பக்கம் கனத்த கான்கிரீட் சுவர். சுடும் திறப்பு பக்கவாட்டில், கரையை நீளவாக்கில் பார்க்கும். கப்பலிலிருந்து வரும் குண்டு சுவரோடு போய்விடும், பீரங்கியோ இறங்கி ஓடிவரும் ஆட்களை விலாப்பக்கம் தாக்கும். இந்தக் கோணம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுவரின் கனம் 2 மீட்டர். நம் அளவில் 28 மி.மீ. மெல்லிய அட்டையில் செய்துவிட்டுத் திறப்பில் அந்தக் கனத்தைக் காட்டாவிட்டால் பங்கர் பொம்மை வீடாகிவிடும். நான் பிளாஸ்டரில்தான் வார்ப்பேன். அச்சின் உட்புறத்தில் 2 மி.மீ. அகல பால்சா மரக் கீற்றுகளை வரிசையாக ஒட்டுங்கள்; 15 செ.மீ. சென்ட்ரிங் பலகைக்கு அதுதான் கணக்கு. ஒன்றிரண்டு கீற்றுகள் மயிரிழை மேலேறி இருக்கட்டும். கம்பி பிரஷ்ஷால் இரண்டு தேய்ப்பு, மேலே எண்ணெய்ப் பூச்சு, அப்புறம் பிளாஸ்டர். அச்சைப் பிரித்தால் பலகைத் தடம் சுவரில் வரிவரியாக நிற்கும். பெயின்ட் வெறும் சாம்பல் வேண்டாம், கொஞ்சம் பழுப்பும் வெள்ளையும் கலந்துகொள்ளுங்கள். பாசி, விரிசல், ஒழுகிய துருக்கறை எல்லாம் இன்றைய சுற்றுலாப் படங்களில் இருப்பவை. ஜெர்மன் தளபதி ரோம்மெல் வந்து அரண் வேலையை முடுக்கியதே 1943 கடைசியில்தான். அதன்பின் எழுந்த கான்கிரீட்டுக்கு 1944 ஜூனில் என்ன வயது இருக்கும்?

மணலுக்கு மணலைப் போடாதீர்கள். அரை மி.மீ. குருணை இந்த அளவில் 36 மி.மீ. கூழாங்கல். டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் பொடியைப் பசையின்மேல் சலித்துத் தூவுங்கள். நிஜ மணலை மேட்டோரக் கூழாங்கல் திட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படகுகளை மறிக்க ஜெர்மானியர் நட்ட தடைகள் நின்றது ஓதம் ஏறி இறங்கும் பரப்பில். நார்மண்டியில் அமெரிக்கப் படை இறங்கிய ஒமாஹா கரையில் கடல் வற்றும்போது மணல் சுமார் 300 மீட்டர் விரியும். 1/72-ல் அது 4 மீட்டருக்கு மேல். அதனால் தூரத்தைச் சுருக்கத்தான் வேண்டும். நான் மனமறிந்து சொல்லும் ஒரே பொய் அது. மூன்று 'எல்' வடிவ பிளாஸ்டிக் கம்பிகளைக் குறுக்காக ஒட்டினால் முள்ளம்பன்றித் தடை தயார், உயரம் 20 மி.மீ. போதும். இதற்குத் துருவைத் தாராளமாகப் பூசலாம். தினமும் உப்புநீரில் முழுகிய இரும்பு. கண்ணிவெடி கட்டிய மரக்கம்பங்கள் கடல் பக்கம் சாய்ந்திருக்கட்டும். சாய்வுதளத் தடையின் தாழ்ந்த முனையும் கடலைப் பார்க்க வேண்டும், படகு அதில் ஏறிக் கவிழத்தானே வைத்தார்கள்.

முள்கம்பிச் சுருளுக்கு மெல்லிய செம்புக் கம்பியை மார்க்கர் பேனாவில் சுற்றி இழுத்துவிட்டால் சரி.

கடலுக்கு அடித்தளத்தில் சாம்பல் கலந்த பச்சை. நீலம் பூசினால் ஆங்கிலக் கால்வாய் போலவே இருக்காது. அதன்மேல் ரெசினை (ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் திரவத்தை) 2, 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். ஓர் அடுக்கு இறுகும்வரை பெட்டியால் மூடித் தூசியைத் தடுங்கள். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். நுரையை அக்ரிலிக் ஜெல்லில் நனைத்த பஞ்சிழையால் கடைசியில் வையுங்கள், கரைக்கு இணையாக.