பள்ளியில் ஓவியக் கண்காட்சி: சுவரைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

பள்ளி ஓவியக் கண்காட்சி என்றாலே பெரும்பாலும் நடப்பது இதுதான்: முந்தைய நாள் மாலை ஓவிய ஆசிரியர் தனியாக ஏணியில் நின்று படங்களை ஒட்டிக்கொண்டிருப்பார், மறுநாள் பிள்ளைகள் வந்து அவரவர் படம் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி வேண்டாம். எந்தப் படத்தை வைப்பது, எதன் பக்கத்தில் வைப்பது, எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று முடிவெடுப்பதும் ஓவியப் பாடம்தான்.

முதலில் தேர்வு. 'நல்ல படங்கள்' மட்டும் போதும் என்று ஆரம்பித்தால் வழக்கமான நாலைந்து பேரே சுவரை நிரப்பிவிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று படம் எடுத்துவரட்டும், அதில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து ஏன் என்று சொல்லட்டும். 1863-இல் பாரிஸில் நடுவர்கள் தள்ளிவிட்ட ஓவியங்களுக்கென்றே தனியாக ஒரு கண்காட்சி நடந்தது, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனேயின் படங்களும் அதில் இருந்தன. நாம் ஒதுக்குவது எதுவாக இருக்கும் என்று நமக்கே தெரியாது.

சரி, மாட்டுவது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரவேண்டும், பல அருங்காட்சியகங்களில் கிட்டத்தட்ட இதுதான் கணக்கு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். ஃபிரேம் 60 செ.மீ. உயரம், பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 145-உடன் பாதி உயரமான 30-ஐக் கூட்டி 8-ஐக் கழித்தால் 167, ஆணி அங்கே. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். ஆனால் ஆணி அடிக்கும் முன் எல்லாப் படங்களையும் சுவரோரம் தரையில் வரிசையாக வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடர்சிவப்புப் படத்தின் பக்கத்தில் வைத்த மெல்லிய பென்சில் படம் காணாமலே போய்விடும், இடம் மாற்றினால் உடனே உயிர் வரும், இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அப்புறம் விளக்கவே வேண்டாம்.

கரித்துண்டு, பேஸ்டல் படங்களில் கண்ணாடி தொடக்கூடாது, நடுவில் ஒரு தடித்த மவுண்ட் அட்டை (படம் தெரியும்படி நடுவில் வெட்டியெடுத்த அட்டை) கட்டாயம். ஃபிக்ஸேட்டிவ் (தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிப்பதாக இருந்தால் வெளியே காற்றோட்டமான இடத்தில், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. படத்தின் மேலேயே செலோடேப் ஒட்டாதீர்கள், அது பழுத்துப்போய்க் காகிதத்தில் கறையாகத் தங்கிவிடும். வாட்டர்கலரும் ஸ்கெட்ச் பேனா வேலைகளும் வெயிலில் வெளுக்கும், ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அவற்றுக்கு வேண்டாம்.

லேபிளைத்தான் எல்லோரும் அவசரத்தில் எழுதுகிறார்கள். பெயர், தலைப்பு, எதில் வரைந்தது, ஆண்டு, அளவு, இவ்வளவு போதும் (அளவில் உயரம் முதலில், அகலம் அப்புறம்). அதோடு வரைந்தவரே எழுதிய ஒரே ஒரு வரி சேருங்கள். என் வகுப்பில் ஒரு பெண் தன் பாட்டியின் கையைக் கரித்துண்டில் வரைந்திருந்தாள், விரல் மூட்டுகளில் ரப்பரால் எடுத்த வெள்ளைக் கீற்றுகள் அவ்வளவு அழகு. லேபிளில் முதலில் 'கை' என்று மட்டும் எழுதினாள். கேட்டுக் கேட்டு, கடைசியில் 'பாட்டி கையை அசைத்துக்கொண்டே இருந்தாள், நாலாவது தடவைதான் வந்தது' என்று எழுதினாள். அன்றைக்கு அதிகம் பேர் நின்றது அந்தப் படத்தின் முன்னால்தான்.

முடிந்தால் ஒரு மேசையில் ஸ்கெட்ச் புத்தகங்களையும் திறந்து வையுங்கள், தப்பான கோடுகள் உள்ள பக்கத்தோடு.

கழற்றும் நாளை மறந்துவிடாதீர்கள். படங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவரிடம் கொடுங்கள். வராதவர்களின் படங்களைச் சுருட்டாமல் தட்டையாக, பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள்.