மக்கபேயரும் யூதித்தும் மற்ற புத்தகங்களோடு மோதுகிறதா? வசனம் எடுப்பதில் நடக்கும் தவறுகள்

யாங்கோன் தமிழ்க் குடும்பங்களில் பெண் எடுத்த வீடு பாப்டிஸ்ட் சபை, பெண் கொடுத்த வீடு கத்தோலிக்கம் என்பது சாதாரணம். பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன் 1834-ல் முடித்த பர்மிய வேதாகமத்தில் 66 புத்தகங்கள். தமிழ்த் திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் 73. அதிகமாக இருக்கும் ஏழு புத்தகங்களை (மக்கபேயர், யூதித்து, தோபித்து முதலியவை) கத்தோலிக்க வீட்டில் இணைத்திருமுறை என்பார்கள், பாப்டிஸ்ட் வீட்டில் தள்ளுபடி ஆகமம் என்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வந்தால், இறந்தவருக்காக ஜெபிக்கலாமா என்று சண்டை தொடங்கிவிடும்.

ஒருவர் 2 மக்கபேயர் 12-ஐ எடுப்பார், மற்றவர் எபிரெயர் 9:27-ஐ. இரண்டிலும் அதிகாரத்தை முழுதாக வாசிக்காததுதான் முதல் கோளாறு. எபிரெயர் சொல்வது, மனிதன் ஒரே தரம் சாகிறான், பிறகு நியாயத்தீர்ப்பு, அதுபோல் கிறிஸ்துவும் ஒரே தரம் பலியானார் என்பது. இறந்தவருக்காக ஜெபிக்கலாமா என்ற கேள்வியே அங்கே இல்லை. மக்கபேயர் பக்கம் வாருங்கள்: போரில் செத்த வீரர்களின் உடைக்குள் யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்துகள் இருந்தன. அவர்களின் தளபதி யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா திரட்டிப் பாவநிவாரண பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். உத்தரிக்கும் ஸ்தலம் (இறந்தவர் பரலோகம் போகுமுன் சுத்தமாகும் நிலை என்று கத்தோலிக்கர் நம்புவது) என்ற பெயர் அதில் கிடையாது. செத்தவர்கள் செய்தது விக்கிரகப் பாவம், சாவான பாவத்தோடு செத்தவர்களுக்கு அந்த ஸ்தலம் இல்லை என்பதால், கத்தோலிக்கர் தங்கள் போதனையோடு இதை நேராகப் பொருத்தவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆக, சண்டை இந்தப் புத்தகத்துக்கு வேதம் என்ற அதிகாரம் உண்டா என்பதைப் பற்றியது. அதை முரண்பாடு என்று பெயர் மாற்றி நடத்துகிறோம்.

அடிக்கடி நடப்பது, இரண்டு அளவுகோல் வைப்பது. "தர்மம் பாவத்தைப் போக்கும்" என்று தோபித்து 12:9 சொல்கிறது, அது கிருபையால்தான் இரட்சிப்பு, கிரியையால் அல்ல என்னும் எபேசியர் 2:8-9-க்கு விரோதம் என்பார்கள். அப்படியானால் தானியேல் 4:27 என்ன சொல்கிறது? ஏழைகளுக்கு இரங்கி உம் அக்கிரமங்களை அகற்றிவிடும் என்று தானியேல் ராஜாவிடமே சொல்கிறார். நீதிமொழிகள் 16:6-ம் அதே பாணி. அவற்றுக்குக் கொடுக்கும் விளக்கத்தைத் தோபித்துக்கும் கொடுத்துப் பாருங்கள்; போதாவிட்டால் பிறகு குறை சொல்லலாம். (சில பதிப்புகளில் இந்தத் தானியேல் வசனம் 4:24-ல் இருக்கும். எண்ணை மட்டும் நம்பி "உங்க பைபிள்ல அப்படி இல்லையே" என்று கிளம்ப வேண்டாம்.)

யூதரைத் துன்புறுத்திய கிரேக்க ராஜா அந்தியோக்கு நான்காமவரின் சாவுதான் உண்மையிலேயே கடினமான இடம். 1 மக்கபேயர் 6-ல் தோல்விச் செய்தி கேட்டு, துக்கத்தில் படுத்த படுக்கையாகி இறக்கிறார். 2 மக்கபேயர் 9-ல் குடல்நோய், தேரிலிருந்து விழுதல், புழு, அந்நிய மலைநாட்டில் மரணம். இவை இரண்டையும் ஓரளவு சேர்த்து வாசிக்கலாம். 2 மக்கபேயர் 1:13-16 அப்படி இல்லை: நனேயா என்ற தேவதையின் கோயிலில் அர்ச்சகர்கள் கதவை அடைத்து, கூரையிலிருந்த மறைவான திறப்பு வழியே கல்லெறிந்து கொன்றதாக இருக்கிறது. "ஒரே ஆள் மூன்று முறை செத்தார்" என்று சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூன்றாவது, எகிப்திலிருந்த யூதருக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தில் வருகிறது. ஒன்பதாம் அதிகாரம் ஆசிரியர் தாமே சொல்வது. ஒரே புத்தகத்தில் இரண்டும் இருப்பதால், கடிதத்தைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இவருடைய தகப்பன் மூன்றாம் அந்தியோக்கு கி.மு. 187-ல் எலிமாய் நாட்டில் ஒரு கோயிலைக் கொள்ளையிடப் போய்க் கொல்லப்பட்டவர். அந்தச் செய்தி மகன் மேல் ஏறியிருக்கலாம் என்பது பலரின் கருத்து. கடிதத்தில் தகவல் பிசகு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஆனால் யூதாஸ் மத்தேயு 27:5-ல் நான்றுகொண்டு சாகிறான், அப்போஸ்தலர் 1:18-ல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். அங்கே காட்டும் பொறுமை இங்கே மட்டும் ஏன் வராது?

2 மக்கபேயர் 15:38-ஐக் காட்டி, "ஆசிரியரே பிழை உண்டென்கிறார்" என்பதும் சரியல்ல. அவர் சொல்வது தம் எழுத்து நன்றாக வந்ததா, சுமாரா என்பதை. பவுல் 1 கொரிந்தியர் 1:14-16-ல் கிறிஸ்பு, காயு தவிர யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று சொல்லி, அடுத்த மூச்சிலேயே ஸ்தேவான் வீட்டாரை நினைத்துக்கொள்கிறார். அதற்காக அந்த நிருபத்தைத் தள்ளுகிறோமா?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எப்படியாவது ஒட்டவைப்பது. யூதித்து 1:1 நேபுகாத்நேச்சாரை நினிவேயில் இருந்து ஆண்ட அசீரிய ராஜா என்கிறது. அசீரியரின் தலைநகரான நினிவே விழுந்தது கி.மு. 612, அவர் பாபிலோனில் பட்டத்துக்கு வந்தது 605. இதற்காக இன்னொரு நேபுகாத்நேச்சாரை உண்டாக்க வேண்டியதில்லை. எருசலேமை எரித்தவன் எந்த ஊர் ராஜா என்று யூதக் குழந்தைக்கும் தெரியும். முதல் வரியிலேயே அதை மாற்றி எழுதியவர் ராஜாக்கள் வரலாறு எழுதப் புறப்பட்டதாகத் தெரியவில்லை. தானியேல் சிங்கக் குகையில் ஒரு இரவு (6-ம் அதிகாரம், தரியு காலம்), ஆறு நாள் (கத்தோலிக்கப் பதிப்பில் மட்டும் உள்ள 14-ம் அதிகாரம், கோரேசு காலம்) என்று வருவதையும் ஒரே சம்பவமாகக் குழைக்காமல் தனித்தனியே வாசியுங்கள். எஸ்தர் கிரேக்கப் பகுதிகளும் அப்படியே: யூதரின் எதிரியான ஆமான் எபிரெயத்தில் ஆகாகியன் (ஆகாகின் வம்சத்தான்), கிரேக்கத்தில் மக்கெதோனியன்.