கடைக் கணினியில் பிள்ளையின் டெலிமா கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், வீட்டில் பிரிண்டர் இல்லாத பிள்ளைகள் பள்ளி வேலையை அச்செடுக்க டவுன் கடைக்குத்தான் போகிறார்கள். டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கைத் திறந்து, தாள் கைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். விண்டோவை மூடினால் மட்டும் கணக்கு மூடாது. அடுத்து உட்காருபவர் பிள்ளையின் பெயர், கூகுள் டிரைவில் உள்ள படங்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதனால் குரோமில் கண்ட்ரோல், ஷிப்ட், N ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, மறைநிலை விண்டோவில் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் மறைநிலை விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடினால் கணக்கும் வெளியேறிவிடும். ஆனால் டவுன்லோட் செய்த கோப்பு அந்தக் கணினியிலேயே தங்கும். அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வாட்ஸ்அப் வெப் வழியாக எடுத்திருந்தால், கைப்பேசியில் இணைத்த சாதனங்கள் பகுதிக்குப் போய் லாக் அவுட் செய்யுங்கள்.

அப்புறம், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) நகலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். அதிலுள்ள 12 இலக்க எண்ணில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம். ஆசிரியர் கேட்டால் நேரில் கொடுங்கள்.