கப்பலிலிருந்து அலுவலகத்துக்கு: ஒரு ரஷ்யக் கடற்படை அதிகாரியின் பணிப்பதிவைத் தேடுவது எப்படி?

முதலில் முழுப்பெயர், தந்தைவழிப் பெயரோடு. எடுத்துக்காட்டாக, பிறகு அமைச்சரான கடற்படை அதிகாரி போசியெட். வெறும் ‘போசியெட்’ என்று தேடினால் பசிபிக் கரையில் அவர் பெயரைத் தாங்கிய வளைகுடாதான் வரும். ‘கான்ஸ்தந்தீன் நிகொலாயெவிச் போசியெட்’ என்று ரஷ்ய எழுத்தில் தேடுங்கள்.

தேட வேண்டிய ஆவணம் ‘ஃபொர்முல்யார்னி ஸ்பீசக்’ எனும் பணிப்பதிவேடு. பதவிகள் மட்டுமல்ல; மதம், சொத்து, மனைவி மக்கள் விவரமும் அதில் கிடைக்கும். கடற்படைக் காலத்துக்கு பீட்டர்ஸ்பர்க் கடற்படை ஆவணக்காப்பகத்தின் 406-ஆம் தொகுப்பு. குடிமைப் பணிக்கு அதே நகரின் வரலாற்று ஆவணக்காப்பகம், தொகுப்பு 1349. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி வாழ்க்கைதான் கையில் வரும்.

பலரும் சறுக்குவது பதவிப்பெயரில்தான். 1722-இன் ரஷ்ய அரசுப் பணித் தரவரிசைப் பட்டியலில் 14 படிகள். முதல்தரக் கப்டன் 6-ஆம் படி. குடிமைப் பணிக்கு மாறினால் அதே படியில் ‘கொலெஷ்ஸ்கி சோவெத்னிக்’ (ஆலோசகர் தரப் பதவிப்பெயர்) ஆவார். இது பதவி உயர்வல்ல, பெயர் மாற்றம். எல்லோரும் மாறவுமில்லை: போசியெட் 1874 முதல் 1888 வரை போக்குவரத்து அமைச்சராக இருந்தபோதும் கடற்படைப் பதவிப்பெயரையே வைத்திருந்தார்.

தேதிகள் பழைய (ஜூலியன்) நாட்காட்டிப்படி இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள் கூட்டுங்கள், 20-க்கு 13. போசியெட்டின் பதவியைப் பறித்த போர்கி ரயில் விபத்து ஆவணத்தில் 1888 அக்டோபர் 17. நம் கணக்கில் 29. இரண்டையும் குறித்து வையுங்கள்.