மயில்துத்தம் பச்சை, பொட்டாஷ் ஊதா: சுடர் சோதனையைச் சொதப்பாமல் செய்ய

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சுடர் சோதனை என்றால், உப்பைச் சுடரில் காட்டி, வரும் நிறத்தை வைத்து அதிலுள்ள உலோகத்தைக் கண்டுபிடிப்பது. அந்த நாளில் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எதை வச்சாலும் மஞ்சளாத்தானே எரியுது?" கம்பியைக் கழுவாவிட்டால் அப்படித்தான் எரியும்.

அந்த மஞ்சள் சோடியத்தின் வேலை. விரல் வியர்வையில் ஒட்டியிருக்கும் உப்பே அதற்குப் போதும். ஆகவே பாதி வேலை கம்பியில்தான். நிக்ரோம் கம்பியின் நுனியைச் சின்ன வளையமாக வளைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி, பர்னரின் நீலச் சுடரில் பிடியுங்கள். மஞ்சள் வரும். மறுபடி முக்குங்கள், மறுபடி காட்டுங்கள். சுடரின் நிறம் மாறாமல் இருந்தால் கம்பி தயார். அப்புறம் நுனியில் விரல் படவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கட்டும், குளிர்ந்தாலும் பரவாயில்லை.

பொருளுக்காக மலை இறங்க வேண்டாம். உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற ஊர். மயில்துத்தமும் (செம்பு உப்பு) பொட்டாஷும் (பொட்டாசியம் உரம்) உரக்கடையிலேயே கிடைக்கும். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் உள்ள பொருள், வெற்றிலைப் பெட்டியில் இருக்கும். கம்பியை அமிலத்தில் நனைத்து, தூளில் தொட்டு, சுடரின் ஓரத்தில் காட்டுங்கள். அமிலம் கழுவ மட்டுமில்லை, உப்பைக் குளோரைடாகவும் மாற்றுகிறது. குளோரைடு சீக்கிரம் ஆவியாகும், ஆவியானால்தான் நிறம் எடுக்கும்.

மயில்துத்தம் ஏமாற்றாது: நல்ல பச்சை, கூடவே கொஞ்சம் நீலம். சுண்ணாம்பு செங்கல் சிவப்பு, ஆனால் அசந்தால் போய்விடும். படுத்துவது பொட்டாஷ்தான். உரத்தில் கொஞ்சம் சோடியமும் கலந்திருப்பதால் வெளிர் ஊதாவை மஞ்சள் விழுங்கிவிடும். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பாருங்கள். மஞ்சளை அது தடுத்துவிடும்.

சரி, நிறம் ஏன்? உலோகம் எரிவதால் இல்லை. சூட்டில் அணுவின் எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறுகிறது, அங்கே நிற்க முடியாமல் இறங்குகிறது; இறங்கும்போது விடுகிற ஆற்றல்தான் ஒளி. பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் வரப்புக்கு வரப்பு உயரம் வேறு இல்லையா, அதுபோல ஒவ்வொரு தனிமத்துக்கும் படி உயரம் வேறு. சோடியத்தின் இறக்கம் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி விழுவதால் மஞ்சள். ஜெர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்ச்சாஃபும் இப்படி ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான் 1860-இல் சீசியம், 1861-இல் ருபிடியம் என்ற புதுத் தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி போடுவார்கள். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கால்சிய ஒளியில் சூரியனைப் படமெடுத்தார்களே, அது 393 நானோமீட்டர் ஊதாவாயிற்றே, நம் சுண்ணாம்பு மட்டும் ஏன் சிவப்பு? எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. சூரியனில் அந்த ஒளியைத் தருவது ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனி. நம் பர்னரில் அவ்வளவு சூடு ஏது? இங்கே கால்சியம் ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் ஒட்டி மூலக்கூறாகிவிடுகிறது. அந்தச் சிவப்பு பெரும்பாலும் மூலக்கூறு தருவது. தனிமம் ஒன்றுதான், இருக்கும் நிலைதான் வேறு.

முடித்ததும் மயில்துத்தம் கலந்த தண்ணீரை ஓடைப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள், மீனுக்கு அது விஷம். தனி ஜாடியில் சேர்த்து ஆசிரியரிடம் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.