பிரித்து மாட்டும் பழைய சைக்கிளில் நாயை ஏற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலெக்ஸ் மோல்டன் 1962-இல் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய சிறுசக்கர சைக்கிள்களில் 'ஸ்டோஅவே' என்றொரு வகை உண்டு. நடுக்குழாயில் உள்ள பூட்டைத் திறந்தால் சைக்கிள் இரண்டு துண்டாகிவிடும். கார் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். 'மினி' என்ற காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) வடிவமைத்தவர் மோல்டன்தான். அதே ரப்பரை இந்தச் சைக்கிளின் முன்னும் பின்னும் வைத்தார். சக்கரம் 16 அங்குலம், சட்டம் தாழ்வு, கேரியர் அகலம். ஜாக் ரஸ்ஸல் போன்ற ஏழெட்டு கிலோ நாயை அழைத்துச் செல்ல இவ்வளவு இணக்கமான பழைய சைக்கிள் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனால்தான் இதை அவசரத்தில் கெடுப்பவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

பலரும் முதலில் கூடை வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின் ஃபோர்க், அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை. ஆரம்பகால மோல்டன்களில் பின் ஃபோர்க் உலோகச் சோர்வால் விரிசல் விடுவது அறியப்பட்ட குறை. ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த இரும்பின் மேல் ஓர் உயிரை ஏற்றப்போகிறோம் என்பதால் கண்ணால் மேலோட்டமாகப் பார்ப்பது போதாது. பற்றவைத்த இடங்களை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிடுங்கள். மறுபடி ஒட்டத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால், உள்ளே இறங்கிய எண்ணெய் சிறிது நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் மயிரிழை போன்ற கறுப்புக் கோடாகக் கசிந்து வரும். கோடு தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஃபோர்க்கைச் சரிசெய்யும்வரை நாயும் ஏறக்கூடாது, நீங்களும் ஏறக்கூடாது. பின்பக்க ரப்பரையும் அழுத்திப் பாருங்கள். இறுகியோ வெடித்தோ இருந்தால் குழியின் அதிர்ச்சி முழுதும் நாயின் முதுகெலும்புக்குத்தான் போகும்.

அடுத்தது நடுப்பூட்டு. பூட்டின் கைப்பிடியை இறுக்கியாயிற்று என்பதால் பூட்டு பிடித்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே, மற்றொரு கையின் விரலை இணைப்பின் மேல் வையுங்கள். 'டிக்' என்ற மெல்லிய தட்டல் விரலுக்குத் தெரிந்தால் பூட்டில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். இணைப்பின் இரு முகங்களிலும் மண்ணோ துருவோ இருந்தாலே இப்படி ஆகும். இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. பிரித்து மாட்டும் ஒவ்வொரு முறையும், நாய் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். கூடையின் தாங்குகம்பியை முன்பாதியிலும் பின்பாதியிலுமாகச் சேர்த்து முடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இணைப்பைத் தாண்டி எதையும் கட்டாதீர்கள். சைக்கிள் பிரிவதும் நின்றுபோகும், பூட்டும் தன் இடத்தில் சரியாக உட்காராது.

பழைய சட்டத்தில் புதிய கேரியரை வெல்டிங் செய்வது பெரும் தவறு. மெல்லிய குழாய் அந்தச் சூட்டில் பலம் இழக்கும். அருகிலுள்ள பழைய இணைப்பும் கெடும். ரப்பர் பட்டை சுற்றி, அதன்மேல் கிளாம்பு போட்டு முடுக்கினால் போதும். பின்னால் மனம் மாறினாலும் சைக்கிளுக்குச் சேதம் இருக்காது.

மோல்டனில் மூல கேரியர் இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டாம். முன் கேரியர் ஹேண்டில்பாரில் தொங்காமல் சட்டத்தின் தலைக்குழாயிலேயே பொருந்துவதால் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பாது. முதல் சில நிமிடங்கள் ஓட்டுபவருக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால் நாய் திடீரென்று இடப்பக்கம் சாய்ந்தாலும் ஹேண்டில் கையை விட்டு இழுத்துக்கொண்டு போகாது. இதை எடுத்துவிட்டு ஹேண்டில்பாரில் பிரம்புக் கூடையை மாட்டுவது, சிறுசக்கர சைக்கிளின் துடிப்பான திருப்பத்தோடு நாயின் அசைவையும் சேர்த்துக்கொள்வதாகும். நாய் சுமையாக உட்கார்ந்திருக்காது. பூனையைக் கண்டால் எழும், புறாவைக் கண்டால் திரும்பும்.

பின்னால் உட்காரவைப்பதென்றால் கூடை, பின் அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் அமையட்டும். அச்சுக்குப் பின்னே தள்ளிவிட்டால் முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து ஹேண்டில் தடுமாறும். பின் கேரியருக்கு அடியில் எதையும் தொங்கவிடாதீர்கள்: ரப்பர் அமுங்கும்போது டயர் மேலேறி உரசும். வாலும் காலும் கம்பிகளுக்குள் போகாமல் இருக்கப் பக்கவாட்டில் தடுப்பு கட்டாயம் வேண்டும். காலைப் பின்பக்கமாக வீசி ஏறும் பழக்கம் உள்ளவர்கள் அதை மாற்றிக்கொள்ளுங்கள், நாயின் முகத்தில் உதை விழும். சட்டம் தாழ்வாக இருப்பதே முன்னால் கால் வைத்து ஏறத்தான்.

பிரேக்கைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால், சாதாரண ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். தோல் பதித்த பிரேக் கட்டை இத்தகைய ரிம்முக்கென்றே வந்தது. நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். அலுமினிய ரிம்முக்கு மாறுவது இன்னும் நல்லது. 16 அங்குலம் என்று சொன்னாலும், மோல்டன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 349 மில்லிமீட்டர். பிராம்ப்டன் மடக்கு சைக்கிளும் அதே அளவு என்பதால் ரிம்முக்கும் டயருக்கும் அலைய வேண்டியதில்லை. கம்பித் துளைகளின் எண்ணிக்கை உங்கள் ஹப்புக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டாதீர்கள். நாய் குதித்தால் அது தூக்குக் கயிறாகிவிடும். மார்புப் பட்டையில் இரண்டு பக்கமும் குட்டைக் கயிறு கட்டி, கேரியரின் இரும்பில் முடியுங்கள். கூடையின் பிரம்பு இழுபட்டால் ஒடிந்துவிடும். கூடையில் படுக்க முடிகிற அளவு நீளமும், முன்கால்கள் விளிம்பைத் தாண்டாத அளவு ஆழமும் இருக்க வேண்டும். அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள். டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீள முதுகு நாய்கள் உட்கார்ந்தபடி குலுங்கக் கூடாது; நீட்டிப் படுக்க இடம் இல்லையென்றால் அந்தக் கூடை அவற்றுக்கு வேண்டாம்.

ஒற்றைக்கால் ஸ்டாண்டை நம்பி நாயை ஏற்றினால் சைக்கிள் சாய்ந்துவிடும். இரட்டைக்கால் ஸ்டாண்டு போட்டாலும் ஒரு கை சைக்கிளில் இருக்கட்டும். முதல் ஓட்டத்தை நாயின் எடைக்குச் சமமான மணல் மூட்டையை வைத்து முடித்துவிட்டு, பூட்டையும் கிளாம்புகளையும் மறுபடி முடுக்குங்கள். நாய்க்கு, நின்றிருக்கும் சைக்கிளின் கூடையில் தின்பண்டத்தோடு தொடங்கி, பிறகு உருட்டிக்கொண்டு நடந்து, அதன் பின்னரே ஓட்ட வேண்டும். நடுங்கினால், அளவுக்கு மீறி மூச்சிரைத்தால், எச்சில் ஒழுகினால் அன்றைக்கு அதோடு இறக்கிவிடுங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் இன்னும் ஒரு படி பின்னால் போய், நிற்கும் சைக்கிளிலிருந்தே தொடங்குங்கள்.