விப்பிள் கேஸ்ல ஈரல் ஆர்ட்டரியை எப்படி தேடறது

கணையத் தலையில கட்டி, விப்பிள் (கணையத் தலையையும் அதோட டியோடினம், பித்தநாளத்தோட கீழ்ப்பகுதியையும் எடுக்கற ஆபரேஷன்) பண்ணப் போறோம்னா சிடியை முந்தின நாளே நீங்களே உக்காந்து பாருங்க. ரிப்போர்ட்ல ஈரல் ஆர்ட்டரி பத்தி ஒரு வரிகூட இல்லன்னா நார்மல்னு எடுத்துக்காதீங்க, கட்டியைப் பாக்கற அவசரத்துல அது விட்டுப்போயிருக்கலாம். 1966ல மிக்கெல்ஸ்னு ஒரு அனாட்டமி நிபுணர் 200 உடல்களை அறுத்துப் பாத்து ஈரல் ஆர்ட்டரி அமைப்பை 10 வகையா பிரிச்சாரு, அதுல புத்தகப் படம் மாதிரி இருந்தது 55 சதவீதம்தான்.

ஆர்ட்டீரியல் ஃபேஸ் (மருந்து ஆர்ட்டரிக்குள்ள இருக்கறப்ப எடுத்த படம்), மெல்லிசான ஸ்லைஸ் வெச்சு எஸ்எம்ஏ (குடலுக்குப் போற பெரிய ஆர்ட்டரி, சுபீரியர் மெசென்ட்ரிக்) கிளம்பற இடத்துலேருந்து மெதுவா கீழ ஸ்க்ரோல் பண்ணுங்க. வலது பக்கம் ஒரு கிளை பிரிஞ்சு, கணையத் தலைக்கும் போர்ட்டல் வெயினுக்கும் (குடல்லேருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய சிரை) பின்னாடி மேல ஏறுதா? அது ஈரலுக்குள்ள நுழையற வரைக்கும் விடாம தொடருங்க, கணையத்துக்குப் போற சின்ன கிளையா இருந்தா பாதியிலயே நின்னுடும். ஈரல் வரைக்கும் போச்சுன்னா சீலியாக் (வழக்கமா ஈரல் ஆர்ட்டரி கிளம்பற, எஸ்எம்ஏக்கு மேல இருக்கற ஆர்ட்டரி) பக்கமிருந்தும் ஒரு ரைட் ஹெபாடிக் (வலது ஈரல் ஆர்ட்டரி) வருதான்னு பாருங்க, வந்தா இது அக்ஸசரி, வரலன்னா ரீப்ளேஸ்டு, அதாவது வலது ஈரலுக்கு இது ஒண்ணுதான். மொத்த காமன் ஹெபாடிக்கே (ஈரல் ஆர்ட்டரியோட பொது அடித்தண்டு) எஸ்எம்ஏல இருந்து வர்ற ஆளுங்களும் உண்டு, அது தெரியாம வெட்டினா ஈரலோட ஆர்ட்டரி சப்ளையே போச்சு. அப்படியே சீலியாக் ஆரம்பத்துல இறுக்கம் இருக்கான்னு சஜிட்டல் வியூல (பக்கவாட்டுத் தோற்றம்) பாத்துடுங்க.

இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் பித்தநாளம். ஈரலுக்காவது போர்ட்டல் வெயின் இருக்கு, பித்தநாளத்துக்கு ஆர்ட்டரி ரத்தம் மட்டும்தான், அதுலயும் விப்பிள்ல ஜிடிஏவை (காமன் ஹெபாடிக்லேருந்து கணையத் தலைக்கும் டியோடினத்துக்கும் இறங்கற கிளை, காஸ்ட்ரோடியோடினல்) கட்டினதும் கீழேருந்து வர்ற ரத்தம் நின்னுடும், அப்புறம் ரைட் ஹெபாடிக்கும் போனா நாம குடலோட தெச்ச ஜாயின்ட் லீக் ஆகலாம், இல்ல பின்னாடி சுருங்கலாம், ஈரல்ல சீழ் கட்டலாம்.

தியேட்டர்ல கோக்கர் பண்ணதும் (டியோடினத்தையும் கணையத் தலையையும் பின்சுவர்லேருந்து விடுவிச்சுத் தூக்கினதும்) வின்ஸ்லோ ஓட்டைக்குள்ள (பித்தநாளம், போர்ட்டல் வெயினுக்குப் பின்னாடி இருக்கற இயற்கையான திறப்பு) விரலை விட்டு பித்தநாளத்துக்கு வலது பின்பக்கம் துடிப்பு இருக்கான்னு தடவிப் பாருங்க. இருந்தா நாளத்தை வெட்டறதுக்கு முன்னாடியே அந்த ஆர்ட்டரியைச் சுத்தி லூப் போட்டுடணும். லேப்ராஸ்கோபி, ரோபோட்ல விரல் வசதி கிடையாது, அங்க சிடிதான் எல்லாம். ஜிடிஏவை புல்டாக் (தற்காலிகமா அழுத்திப் பிடிக்கற சின்ன கிளிப்) போட்டுப் பாக்காம கட்டவே கட்டாதீங்க, ஹெபாடிக்ல துடிப்பு குறைஞ்சா சீலியாக்ல அடைப்புன்னு அர்த்தம், வெளிய மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் (உதரவிதானத்தோட ஒரு பட்டை) அழுத்தறதா இருந்தா அதை விடுவிச்சுட்டு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க.

கட்டி ரீப்ளேஸ்டு ஆர்ட்டரியையே சுத்திக்கிச்சுன்னா அதையும் சேத்து எடுத்துட்டு ரெண்டு முனையையும் தெக்கலாம், எட்டலன்னா ஜிடிஏ முனையைத் திருப்பி அதுல இணைக்கலாம். அதனால ஜிடிஏவைக் கட்டும்போது கொஞ்சம் நீளமா விட்டுட்டே கட்டுங்க.